படகுப் பாட்டுக்காரம்மா

லைனிலேயே இருங்கம்மா, இன்னும் ரெண்டு பேர் பேசி முடிச்சதும் நீங்கதான், ரேடியோவை மட்டும் அணைச்சிருங்க, இல்லேன்னா கீச்சுனு சத்தம் வரும் என்று சொல்லிவிட்டு வானொலி நிலையத்துப் பெண் எங்கோ போய்விட்டாள். பிலோமினா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பை அணைத்தாயிற்று. குக்கரில் இரண்டு விசில் வந்தபிறகு மூன்றாவதுக்குக் காத்திராமல் அணைத்தது, பேசிக்கொண்டிருக்கும்போது அது விசிலடித்து ஊர் முழுக்கக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. பருப்பு முக்கால் பதத்தில் உள்ளே கிடக்கும். கிடக்கட்டும். போனுக்குள் யாரோ வேடசந்தூர்க்காரர் பேசிக்கொண்டிருந்தார், இப்போதெல்லாம் பாட்டா வருகிறது, தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று. இதைச் சொல்லாத ஒரு நேயரை அவள் இன்றுவரை கேட்டதில்லை. டப்பா சத்தத்திலும் நல்ல பாட்டு உண்டு என்று சொல்ல அவளுக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் அவளுடைய முறை வரவில்லை, வந்தாலும் அதைச் சொல்லவா கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பதாவது ஆண்டாம் வானொலிக்கு. பழைய நேயர்களைத் தேடிப் பிடித்து, பிடித்ததும் பிடிக்காததும் என்று ஒரு நிகழ்ச்சி. மனசுக்குப் பிடித்த ஒரு நடிகர், ஏமாற்றிவிட்ட ஒரு நடிகர், கடைசியில் ஒரு பாட்டு, அவ்வளவுதான். நாகல் நகரில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து வெல்டிங் கடை, டீக்கடை, எதிரே ரப்பர் ஸ்டாம்ப் கடை எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாராம், பதினொன்றரைக்கு எங்க வீட்ல பேசுறாங்க என்று. நாள் முழுக்கப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், நாலு கடை ஏறி இறங்கிச் சொல்லியிருக்கிறார்.

தேடிப் பிடித்ததற்குக் காரணம் அந்தக் கார்டுகள்தான். கல்யாணமான மூன்றாவது வாரம் தொடங்கி, வாரம் ஒரு தபால் கார்டு. இங்க் பேனாவால், பல்லியின் கால் மாதிரி சின்னச் சின்ன எழுத்தில். விரும்பிக் கேட்பவர்கள், நாகல் நகர் சவரிமுத்து, பிலோமினா. பிறகு ஜெனிட்டா பிறந்ததும் கமா போட்டு ஜெனிட்டா. கார்டு போய், போன் வந்து, இப்போது அந்த மனிதர் ஒற்றை விரலால் வாட்ஸப்பில் தட்டி அனுப்புகிறார், பெயர்கள் மட்டும் அதே வரிசை. பாட்டும் அதே பாட்டு. படகுப் பாட்டு. அறிவிப்பாளர்கள் நாலைந்து பேர் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவர் குரலிலும் பிலோமினா என்ற பெயர் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தெருவில் அவளுக்குப் படகுப் பாட்டுக்காரம்மா என்றே பெயர். ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் சிரித்துக்கொண்டே அதைப் போடுகிறான். ஜெனிட்டா கல்யாணத்தில், பாட்டுக் கச்சேரிக்காரர்கள் அம்மாவுக்காக என்று சொல்லி அதைப் பாட, எல்லோரும் அவளையே பார்க்க, அவள் பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார் என்று, அப்போதும் இப்படித்தான் அவர் பெயருக்குப் பின்னால் அவள் பெயர் வந்தது. ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று சாமியார் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார். வானொலியில் அதுவும் கிடையாது. வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

அவளுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. இதை மனசுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாள், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று போனை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிடிக்காது. பாடுகிறவர் ஒவ்வொரு வரி முடிவிலும் தொண்டையில் ஒரு விம்மலை வைத்திருக்கிறார், கடையில் சாமானுக்கு மேல் கொசுறு போடுகிற மாதிரி. துக்கம் வேண்டிய இடத்தில் வரட்டும், வரி முடிகிற இடத்திலெல்லாம் வருமா. அந்த இசையமைப்பாளர் கங்காதரன் கெட்டிக்காரர்தான், அதே படத்தில் ஊர்வலம் போகும்போது வருகிற தவில் துண்டு ஒன்று போதும் அவருக்கு, ஆனால் படகில் ஏறியதும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது, நாற்பது வயலினையும் சேர்த்து ஏற்றிவிட்டார், படகு எப்படி மிதக்கும். ராஜமித்ரன் வேறு. ஊரே கொண்டாடிய ராஜமித்ரன். துடுப்புப் போடுகிறார் போடுகிறார், துடுப்பு ஒரு தடவைகூடத் தண்ணீரைத் தொடவில்லை. பிலோமினா எண்ணிப் பார்த்திருக்கிறாள், டிவியில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் துடுப்பின் நுனியைத்தான் பார்ப்பாள். சட்டை நனையக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் புருவம்தான் நடிப்பு. கோபம் என்றால் வலது புருவம், காதல் என்றால் இடது, அம்மா செத்துவிட்டால் இரண்டும். ஏமாற்றிவிட்ட நடிகர் என்று கேட்டால் அவரைச் சொல்ல முடியாது, ஏமாறுவதற்கு முதலில் நம்பியிருக்க வேண்டும் அல்லவா. ஏமாந்தது வனமாலாவிடம். முதல் படத்தில் பல்லுக்கு நடுவே மூன்று ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமலே அண்ணனைத் திட்டுவாளே, அதைப் பார்த்து இவள் நம்ம வீட்டுப் பெண் என்று நினைத்தாள். பிறகு அழுகைக்கு விருது கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். அதற்குப்பின் ஹேர்பின்னும் கிடையாது, திட்டும் கிடையாது, படத்துக்குப் படம் குளம் குளமாக அழுகைதான்.

பிலோமினா நடிகர்களுக்கு மார்க் போடுவது சாப்பாட்டுக் காட்சியில். இது யாருக்கும் தெரியாது. ராஜமித்ரன் இலையில் உட்கார்ந்தால் ஒரு வாய்தான், அதற்குள் யாராவது ஓடிவந்து தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள், கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். முப்பது வருஷமாக அந்த மனிதர் ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டதில்லை. சுதாமன் சாப்பிடுவான். சுதாமன் என்று சொன்னால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது, மொத்தம் ஏழு படம், எதிலும் அவன் கதாநாயகன் இல்லை, கதாநாயகனின் நண்பன், இல்லாவிட்டால் தம்பி, ஒன்றில் கம்பவுண்டர். சோற்றைக் குழியாக்கி, ரசத்தை விட்டு, பொறுமையாகப் பிசைந்து, கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிவைத்து, வசனம் பேசும்போது வாயில் சோறு இருந்தால் விழுங்கிவிட்டுத்தான் பேசுவான். டைரக்டர்கள் இதைப் பொறுக்கமாட்டார்கள் போல, அதனால்தான் ஏழோடு நின்றது. பத்து வருஷம் கழித்து ஒரு சீரியலில் வந்தான். தலைக்குக் கறுப்பு மை, கழுத்தில் தங்கச் சங்கிலி, மருமகளை அறைகிற மாமனார். அறைந்தபோது அவள் டிவியை அணைத்துவிட்டு எழுந்துபோய் அரிசி களைந்தாள். பிடித்த நடிகர் அவன்தான், ஏமாற்றியதும் அவன்தான். ஒரே பெயரில் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லலாம், நேரமும் மிச்சம். ஆனால் சுதாமன் என்று சொன்னால் அடுத்து பாட்டு என்னவென்று கேட்பார்கள், சுதாமனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பாட்டு, அந்தப் பாட்டு வந்த படம் ஊரில் நாலே நாள் ஓடியது, அந்த நாலு நாளில் ஒரு நாள் அவள் அதைப் பார்த்தாள் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு சேலையில் முள் மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது.

அது தை மாதம், பொங்கல் முடிந்து ஐந்தாறு நாள். கல்யாணமாகி எட்டு மாதம். காலையில் அவர் டிபன் பாக்ஸோடு கடைக்குப் போனபின் ரேடியோவில் அவள் பெயரும் படகுப் பாட்டும் வந்தன, எத்தனையாவது தடவையோ. அவள் அம்மி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று ஒரு ஆத்திரம் வந்தது, இன்றைக்கு நினைத்தாலும் அதன் சூடு நெஞ்சில் தெரிகிறது. என்ன பிடிக்கும் என்று இந்த மனிதர் ஒரு நாள் கேட்டாரா. பாட்டு மட்டுமா, என்ன குழம்பு, என்ன நிறம், எந்தப் பக்கம் படுப்பாய், எதையாவது. கேட்கவில்லை, ஆனால் அவள் என்ன விரும்புகிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மி பாதியில் நிற்க, ஒயர் கூடையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மணப்பாறையில் அம்மா வீடு. போனால் திரும்பி வருகிறதாக இல்லை. அந்த வழியாகப் போகிற திருச்சி பஸ் ஒன்று அப்போதுதான் போயிற்று, அடுத்ததில் நிற்கக்கூட இடமில்லை. தெரிந்த முகம் ஏதாவது பார்த்துவிடப் போகிறதே என்று பின்னால் இருந்த தியேட்டருக்குள் போய்விட்டாள். பகல் காட்சி. பெஞ்சு டிக்கெட்டில் மொத்தம் பத்துப் பேர். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, சுதாமன் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே பாட ஆரம்பித்தான். மழை வரப்போகிறது. கீழே அவன் பெண்சாதி காய்ச்சலில் படுத்திருக்கிறாள். பாட்டு முழுக்கக் கேள்விதான். கஞ்சிக்குத் துவையலா ஊறுகாயா, ஜன்னலைச் சாத்தவா திறந்தே இருக்கட்டுமா, விளக்கு கண்ணைக் கூசுகிறதா. வயலின் கிடையாது, ஒரு புல்லாங்குழல், அதுவும் அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும். துணியை உதறுகிற சத்தத்தையே தாளமாக வைத்திருந்தார்கள். பிலோமினா தேம்பித் தேம்பி அழுதாள். முன்வரிசையில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். அழுது முடித்தபோது, கேட்கத் தெரியாதவர் அவர் மட்டுமா, எட்டு மாதத்தில் நான் என்ன கேட்டேன் அவரிடம் என்று ஒரு நினைப்பு வந்தது. இடைவேளையில் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். இன்றைக்கு ராத்திரி கேட்கிறேன், எல்லாம் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ராத்திரி அவர் வந்தார், கை கழுவினார், மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன், அரைக்க நேரமாயிடுச்சு, வெறும் ரசம்தான் என்றாள், ம் என்றார், சாப்பிட்டார். அவளும் கேட்கவில்லை. மறுவாரம் படகுப் பாட்டு வந்தது. அப்புறம் ஜெனிட்டா வந்தாள். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

வேடசந்தூர்க்காரர் முடித்துவிட்டார் போலிருக்கிறது, அவர் கேட்ட பாட்டு காதுக்குள் கிணற்றிலிருந்து வருவதுபோல வந்தது. நல்ல பாட்டுதான். அதைக் கேட்கக் கேட்க வேறொன்று மேலே மிதந்து வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. படகுப் பாட்டு வந்த படத்தையும் தியேட்டரில்தான் பார்த்தார்கள், கல்யாணமான இரண்டாவது ஞாயிறு, அவரும் அவளும், சேர்ந்து போன முதல் படம். படகு நகரும்போது கரையில் ஒரு அம்மா நிற்பாள். கையைக்கூட ஆட்டமாட்டாள், சும்மா நிற்பாள், இரண்டு நொடி. அதைப் பார்த்து பிலோமினா அன்றைக்கு அழுதாளோ. அழுதிருக்கலாம். மணப்பாறையிலிருந்து கிளம்பியபோது அம்மா அப்படித்தான் நின்றாள். முந்தானையால் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிற மாதிரியும் இருக்கிறது, இப்போது தானாகச் சேர்த்துக்கொள்கிற மாதிரியும் இருக்கிறது. அவர் பக்கத்தில் நேராகத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்த்திருப்பாரோ. பார்த்துவிட்டு, இவளுக்கு இந்தப் பாட்டு மனசைத் தொட்டிருக்கிறது என்று, கேட்க வாய் வராமல், மறுவாரம் கார்டு வாங்கியிருப்பாரோ. அப்படியானால் அந்தப் பாட்டு அவருக்கும் பிடிக்காமல்கூட இருக்கலாம். கடையில் அவர் முணுமுணுக்கிறது வேறு என்னென்னவோ, படகுப் பாட்டை முணுமுணுத்து அவள் கேட்டதே இல்லை. அப்படியானால் இன்றைக்கு நாலு கடைக்காரர்கள் காது கொடுத்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் பிடிக்காது என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம். சொல்லாவிட்டால், சாகிறவரை படகிலேயே உட்கார வேண்டியதுதான். செத்தபிறகும் அதைத்தான் போடுவார்கள், அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்று, ஜெனிட்டாவே போடச் சொல்வாள். பெட்டிக்குள்ளிருந்து எழுந்து இல்லை என்றா சொல்ல முடியும். படகையே சொல்லிவிடலாம், அவர் முகம் மலரும், டீக்கடையில் நாலு டீ வாங்கிக் கொடுப்பார். சொல்லிவிடலாம். படகு, படகு என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், நாக்கு கசந்தது.

வணக்கம் நாகல் நகர் பிலோமினா அம்மா என்று ஒரு ஆண் குரல் காதில் பாய்ந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். உங்க பேரைச் சொல்லாம எங்க நிலையத்துல ஒரு வாரம்கூடப் போனதில்ல என்றார், அவள் சிரித்தாள். சாப்பிட்டாச்சா என்றார், இல்லை என்றாள். பிடித்த நடிகர் என்றதும் சுதாமன் என்று வந்துவிட்டது, அவள் சொல்லவேண்டும் என்று முடிவு செய்யவேயில்லை, வாய் சொல்லிவிட்டது. யாரும்மா அவர் என்று அறிவிப்பாளர் கேட்க, ஏழு படம் நடிச்சார், சாப்பிடுற சீன்ல நெசமாவே சாப்பிடுவார் என்றாள். அறிவிப்பாளர் சத்தமாகச் சிரித்தார். ஏமாத்தினவரும் அவர்தாங்க, சீரியல்ல வந்து மருமகளை அறைஞ்சாரு என்றாள். சரிம்மா, பாட்டுக்கு வருவோம், உங்களை எங்களுக்குத் தெரியாதா, படகுப் பாட்டை எடுத்தே வச்சிருக்கோம் என்றார்.

"அது வேண்டாங்க. எனக்கு அது பிடிக்காது."

வேறென்ன பாட்டும்மா என்றார் அறிவிப்பாளர், குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. அவள் சுதாமனின் அந்தப் படத்தைச் சொன்னாள், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே பாடுகிற பாட்டு என்றாள், இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எங்களுக்குக் கல்யாணமான முதல் பொங்கல் முடிஞ்சு நாலு நாள் ஓடிச்சு, நான் தனியாப் போய்ப் பார்த்தேன் என்றாள். தனியா என்ற சொல் வெளியே போனபின்தான் அது காதில் விழுந்தது. அறிவிப்பாளர் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் வந்தது. அந்தப் பாட்டு எங்ககிட்ட இல்லீங்களேம்மா, படகுப் பாட்டையே போட்டுரட்டுமா, சார் கேட்டுட்டு இருப்பாரே என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். வேண்டாங்க, ஒண்ணும் போடவேண்டாம் என்று சொல்லி அவளே போனை வைத்துவிட்டாள். ரேடியோவைப் போடப் பயமாக இருந்தது. குக்கரைத் தொட்டுப் பார்த்தாள், ஆவி அடங்கியிருந்தது. மூடியைத் திறந்து பருப்பை மத்தால் கடைந்தாள், வேகாத பருப்பு அப்படி இப்படி நழுவியது, விடாமல் கடைந்தாள்.

போன் அடித்தது. அவர்தான். எடுத்துக் காதில் வைத்தாள். பின்னால் காயில் சுற்றுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, டீக்கடையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். மிஷினை நிறுத்தினார்.

"நீ அந்தப் படம் பார்த்தியே, அன்னைக்கு நாகல் நகர்ல கரண்ட் இல்ல," என்றார். "மத்தியானமே கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரில உன் சேலை ரெண்டு இல்ல. அம்மில பாதி அரைச்சது அப்படியே கெடந்துச்சு."

பிலோமினா மத்தைக் கீழே வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன். திருச்சி பஸ் ஒவ்வொண்ணா ஏறி இறங்குனேன். அஞ்சு பஸ். நீ தியேட்டர்ல இருப்பேன்னு நெனைக்கல. ராத்திரி வரை அங்கனயேதான் நின்னேன். வீட்டுக்கு வந்தா நீ ரசம் வச்சிருக்க."

அவ்வளவு வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன் என்று அவள் சொன்னதற்கு ம் என்றவர், ஐந்து பஸ் ஏறி இறங்கிவிட்டு வந்து ம் என்றிருக்கிறார். அந்த ராத்திரி அவர் சட்டை வியர்வையில் எவ்வளவு நனைந்திருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள், பார்க்கவேயில்லை அவள், தன் பயத்தில் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

"ஏங்க கேக்கல?"

"கேட்டா, போறேன்னு சொல்லிருவியோன்னு."

நாற்காலியைக் காலாலேயே தேடி இழுத்து உட்கார்ந்தாள். பாட்டைக்கூட அதனாலதான் கேக்கல என்றார் அவர், மெதுவாக, பக்கத்துக் கடைக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. படகுப் பாட்டுக்கு நீ அழுததைப் பார்த்தேன், அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சது, அதைவச்சே ஓட்டிட்டேன் என்றார். தப்பாயிருச்சு என்றும் சொன்னார். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தத் துணி எடுக்கிற பாட்டு, அது எப்படிப் போகும்?"

அவளுக்கு வார்த்தைகள் பாதி மறந்துபோயிருந்தன. துவையலா ஊறுகாயா என்ற இடம் மட்டும் நன்றாக நினைவிருந்தது, ஜன்னல் வருகிற வரியில் ராகம் எங்கோ போய்விட்டது, குழல் வாசிக்கிற இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா மூச்சு விட்டாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்ட முதல் கேள்வி அது. அழுகை வந்தது, அதை நிறுத்தாமலே பாடிக்கொண்டு போனாள், அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.